கேம் மாட் மாடல் செய்ய எந்த சாஃப்ட்வேர்? பிளெண்டரா மேக்ஸா, டெக்ஸ்சருக்கு சப்ஸ்டன்ஸ் இல்லாம முடியாதா?

துருப்பிடிச்சகத்தி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் மொத தடவை எழுதுறேன், தப்பா எதாவது கேட்டிருந்தா திட்டாதீங்க.

ஸ்கைரிம் கேமோட ஸ்பெஷல் எடிஷனுக்கு மாடா, அதாவது நாமளே செஞ்சு கேம்ல சேக்கிற பொருளா, சொந்தமா ஒரு வாள் செய்யணும்னு ஆசை. பேப்பர்ல வரைஞ்சே வச்சிருக்கேன், கைப்பிடி, உறை எல்லாம் சேத்து. வாள் நல்லா வந்தா அடுத்து கேடயம், அப்புறம் கவசம். ஆனா எதுல ஆரம்பிக்கிறதுன்னு புரியாம ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. ஃப்ரெண்ட் ஒருத்தன் மாயா தான் ப்ரொஃபஷனல்ங்கிறான், பழைய ட்யூடோரியல் எல்லாத்துலயும் த்ரீடிஎஸ் மேக்ஸ் தான் இருக்கு, யூட்யூப்ல பாத்தா எல்லாரும் பிளெண்டர், டெக்ஸ்சர், அதாவது மாடல் மேல ஒட்டுற படம்னு வந்தா சப்ஸ்டன்ஸ் பெயின்டர் இல்லாம ஒண்ணுமே நடக்காதுங்கிற மாதிரி பேசுறாங்க. மூணையும் இன்ஸ்டால் பண்ணி மூணுலயும் ஒரு க்யூபை சுத்தி சுத்தி பாத்துட்டு மூடிட்டேன். இதுவரைக்கும் ஒரு உருப்படியான வெர்டெக்ஸ் (மாடலோட புள்ளி) கூட வைக்கல.

லேப்டாப்ல 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. ஃபோட்டோஷாப் ஓரளவுக்கு தெரியும், லேயர் மாஸ்க் சேனல் எல்லாம் பழக்கம் உண்டு. த்ரீடில சுத்தமா ஜீரோ. எதை கத்துக்கட்டும்? ஒரே ஒரு பதில் போதும், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி இன்னும் குழப்பிடாதீங்க ப்ளீஸ்.

பலகோணி

ஒரே பதிலா வேணும்? இங்கயா? நல்ல ஜோக் நண்பா.

சரி சீரியஸா சொல்றேன். நீங்க தலைகீழா யோசிக்கிறீங்க, அதான் ரெண்டு வாரம் போச்சு. "எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்"னு கேட்டா விடிய விடிய சண்டை தான் நடக்கும். "என் கேம் எந்த ஃபைலை சாப்பிடும், அந்த ஃபைலை இன்னிக்கு தேதிக்கு எந்த சாஃப்ட்வேர் ஒழுங்கா துப்பும்"னு கேட்டுப் பாருங்க, பாதி லிஸ்ட் தானா கழண்டுடும். கேம்ல இருந்து பின்னாடி நடந்து வாங்க. ஸ்கைரிம் சாப்பிடுறது நிஃப்ங்கிற மாடல் ஃபைல். நிஃப் எழுதுறதுக்கு இப்ப ஆள் இருந்து பராமரிக்கிற வழின்னா பிளெண்டருக்கு இருக்கிற பைநிஃப்லி ஆட்-ஆன். முடிஞ்சுது. மாயா எவ்வளவு பெரிய சாஃப்ட்வேரா வேணா இருக்கட்டும், அதுல செஞ்ச வாளையும் கடைசில எஃப்பிஎக்ஸ்ங்கிற பொது ஃபார்மட்ல எடுத்து பிளெண்டர் வழியா தான் கேமுக்குள்ள கொண்டு போகப் போறீங்க, அப்ப எதுக்கு இந்த சுத்து?

பழைய ட்யூடோரியல்ல ஏன் மேக்ஸ்னா, கேம் வந்தது 2011 நவம்பர்ல. அப்ப நிஃப் ப்ளக்-இன் ஒழுங்கா ஓடினது மேக்ஸோட குறிப்பிட்ட சில வெர்ஷன்ல, இல்லன்னா பிளெண்டர் 2.49ல. அந்த 2.49 இன்டர்ஃபேஸை நீங்க பாத்திருந்தீங்கன்னா மாடிங் ஆசையே விட்டுப் போயிருக்கும். 2019 ஜூலைல 2.80 வந்தப்ப தான் மொத்தமா மாத்தினாங்க, லெஃப்ட் க்ளிக்ல செலக்ட் ஆகுறதே அப்புறம் தான் டீஃபால்ட்டா வந்துச்சு. அதனால ட்யூடோரியல் தேடும்போது 2.80க்கு முன்னாடி எடுத்ததா இருந்தா தள்ளிட்டு போங்க, பட்டன் எதுவுமே இருக்கிற இடத்துல இருக்காது.

இன்னொண்ணு, புது பிளெண்டர் வர்ற அன்னிக்கே அப்டேட் பண்ணிடாதீங்க. எல்டிஎஸ்னு ஒரு வெர்ஷன் விடுவாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் பிழைத்திருத்தம் வந்துட்டே இருக்கும். ஆட்-ஆன் எழுதுறவங்க புது வெர்ஷனுக்கு மாத்தி முடிக்க கொஞ்ச நாள் ஆகும், அதுக்குள்ள நீங்க போய் மாட்டிக்காதீங்க. பைநிஃப்லி பக்கத்துல எந்த பிளெண்டர்ல ஓடும்னு போட்டிருப்பாங்க, அதை பாத்துட்டு அந்த எல்டிஎஸ்ஸை மட்டும் வச்சுக்கோங்க.

இப்ப மொத வேலை. வாள் செய்யாதீங்க. ஆமா, செய்யாதீங்க. கேம் தன் ஃபைலை எல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்கிற பிஎஸ்ஏ ஆர்க்கைவ்ல இருந்து அயர்ன் ஸ்வார்டோட நிஃப்பை எடுங்க, பிளெண்டர்ல இம்போர்ட் பண்ணுங்க, ஒரு புள்ளி கூட நகத்தாம அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி கேம்ல போட்டு பாருங்க. போனது போன மாதிரியே திரும்பி வந்தா வழி க்ளியர். வரலன்னா எங்க அடைப்புன்னு இப்பவே தெரிஞ்சிடும், மூணு வாரம் உக்காந்து உங்க வாளை செதுக்கினதுக்கு அப்புறம் தெரிஞ்சா அழுகை தான் வரும். நான் அழுதிருக்கேன்.

மேக்ஸ்விடாதவன்

பலகோணி சொல்றதுல முக்கால்வாசிக்கு கை தூக்குறேன், ஆனா மேக்ஸை இப்படி ஒரே வரில குப்பைல போடுறது ஓவர் பாஸ். நான் இன்னிக்கும் மேக்ஸ்ல தான் மாடல் பண்றேன். அதோட மாடிஃபையர் ஸ்டாக்ல கை பழகினவனுக்கு வேற எதுலயும் அந்த வேகம் வராது. முடிச்சிட்டு பிளெண்டருக்கு தூக்கிட்டு போய் எக்ஸ்போர்ட் மட்டும் அங்க பண்ணுவேன், அஞ்சு நிமிஷ வேலை.

ஆனா துருப்பிடிச்சகத்தி ப்ரோ, நீங்க ஜீரோல இருந்து ஆரம்பிக்கிறீங்கன்னா மேக்ஸ் வேண்டாம். சந்தா கட்டணும், இல்லன்னா ஸ்டூடன்ட் லைசன்ஸ் வாங்கி வருஷா வருஷம் புதுப்பிக்கணும், படிப்பு முடிஞ்சா அதுவும் போச்சு. க்ராக் போடலாம்னு யாராவது காதுல ஓதினா கேக்காதீங்க, வாள் ஃபைலோட சேர்ந்து வேற என்னென்ன உங்க லேப்டாப்புக்குள்ள வருதுன்னு யாருக்கு தெரியும். பிளெண்டர் ஜிபிஎல்ங்கிற ஓபன் சோர்ஸ் லைசன்ஸ், யாரும் எப்பவும் புடுங்க முடியாது. 2002ல அதை செஞ்ச கம்பெனி மூடினப்ப யூசருங்களே 1 லட்சம் யூரோ திரட்டி சோர்ஸ் கோடை மீட்டெடுத்த சாஃப்ட்வேர் அது, அந்த ஒரு விஷயத்துக்காகவே மேக்ஸ்காரனான எனக்கே அது மேல ஒரு மரியாதை.

இன்னொண்ணும் சொல்லணும், இது ஸ்கைரிம்ங்கிறதால கிடைச்ச பதில். கேம் மாறினா பதிலும் மாறும். மைன்கிராஃப்டுக்கு கேட்டிருந்தா ப்ளாக்பெஞ்ச்னு ஒரே வார்த்தைல முடிச்சிருப்போம். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2ன்னா கேம் செஞ்சவங்களே பிளெண்டருக்கு டூல்ஸ் கொடுத்திருக்காங்க. சோர்ஸ் எஞ்சின் கேம்னா பிளெண்டர் சோர்ஸ் டூல்ஸ், க்ரோபார்னு அது ஒரு தனி ஊரு. ஜிடிஏ 5 பக்கம் போனா சொல்லம்ஸ், இல்லன்னா காசு கொடுத்து ஸீமாடலர்.

துருப்பிடிச்சகத்தி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாயா, மேக்ஸ் ரெண்டையும் தூக்கிட்டேன், ஹார்ட் டிஸ்க்கே நிம்மதியா மூச்சு விடுது.

பலகோணி சொன்ன மாதிரி அயர்ன் ஸ்வார்டை எடுத்து அப்படியே திருப்பி அனுப்பினேன். மொத தடவை வாள் முழுக்க ஊதா கலர்ல வந்துச்சு, பயந்துட்டேன். நிஃப் ஃபைலை பாக்க, திருத்த உதவுற நிஃப்ஸ்கோப்ல திறந்து பாத்தா டெக்ஸ்சர் பாத் என் லேப்டாப்போட டிரைவ் எழுத்துல இருந்து ஆரம்பிச்சு இருந்துச்சு, அதை வெட்டிட்டு டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டர்ல இருந்து ஆரம்பிக்கிற மாதிரி மாத்தினதும் சரியாயிடுச்சு. இதை கண்டுபிடிக்க ராத்திரி ஒரு மணி ஆச்சு ஆனா சந்தோஷம்.

அந்த தெம்புல உடனே புது ஃபைல் திறந்து என் வாளை 1 மீட்டர் நீளத்துல செஞ்சு எக்ஸ்போர்ட் பண்ணேன், கேம்ல ஆள் கைல ஒண்ணுமே இல்ல! கேமராவை கிட்ட கொண்டு போய் பாத்தா ஒரு ஊசி இருக்கு. தையல் ஊசி வச்சு டிராகனை குத்தணும் போல. இது ஏன்?

அப்புறம் என் ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது, டெக்ஸ்சருக்கு சப்ஸ்டன்ஸ் வேணுமா வேணாமா?

பலகோணி

ஹாஹா ஊசி! எல்லாருக்கும் வர்ற அம்மை இது, ஒரு தடவை வந்தா அப்புறம் வராது.

ஸ்கைரிம்ல 1 யூனிட்ங்கிறது ஏறக்குறைய 1.43 செமீ. அதாவது 1 மீட்டருக்கு கிட்டத்தட்ட 70 யூனிட். நீங்க பிளெண்டர்ல 1 யூனிட்டுக்கு வாள் செஞ்சா கேம் அதை ஒன்றரை செமீ கூட இல்லன்னு தான் எடுத்துக்கும். ஈஸியான வழி, ஒரிஜினல் அயர்ன் ஸ்வார்டை இம்போர்ட் பண்ணி அதை பக்கத்துலயே வச்சுக்கிட்டு அதோட நீளத்துக்கும் திசைக்கும் பொருந்துற மாதிரி உங்க வாளை செய்யுங்க, கைப்பிடில கை எங்க வரும்ங்கிறதும் அப்பவே சரியா உக்காந்துடும். பைநிஃப்லில ஸ்கேல், திசைக்கு ஆப்ஷன் இருக்கும், இம்போர்ட்ல எதை டிக் பண்ணீங்களோ எக்ஸ்போர்ட்லயும் அதேதான் இருக்கணும். எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி ஆப்ஜெக்ட் மோட்ல கன்ட்ரோல் ஏ அடிச்சு ரொட்டேஷனும் ஸ்கேலும் அப்ளை பண்ண மறக்காதீங்க. ஃபேஸ் ஓரியண்டேஷன் ஓவர்லேயை ஆன் பண்ணி பாருங்க, எங்கயாவது சிவப்பா தெரிஞ்சா அந்த முகம் உள்பக்கம் திரும்பியிருக்குன்னு அர்த்தம், கேம்ல அந்த இடம் ஓட்டையா தெரியும்.

லேப்டாப்ல நம்பர் பேட் இல்லன்னா ப்ரிஃபரன்ஸஸ்ல எமுலேட் நம்பேட்னு ஒரு டிக் இருக்கு. இதை தெரிஞ்சுக்காம ஒரு வருஷம் மவுஸாலயே வ்யூ திருப்பிட்டு இருந்த முட்டாள் நான்.

டெக்ஸ்சருக்கு பிக்சல்பொறுக்கி வரட்டும், அவர் ஏரியா.

பிக்சல்பொறுக்கி

கூப்பிட்டீங்களா, வந்துட்டேன். இது கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

சப்ஸ்டன்ஸ் பெயின்டர் நல்ல சாஃப்ட்வேர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது எதுக்காக செஞ்சதுன்னு புரிஞ்சுக்கணும். பிபிஆர், அதாவது நிஜத்துல மாதிரியே வெளிச்சத்தை கணக்கு போடுற எஞ்சினுக்காக செஞ்சது. பேஸ் கலர் தனி, ரஃப்னஸ் தனி, மெட்டாலிக் தனி, வெளிச்சம் எப்படி விழும்ங்கிறதை எஞ்சின் பாத்துக்கும். ஸ்கைரிம் 2011 காலத்து ஆள். மேல ஷேடர் மாட் போட்டு பிபிஆர் கொண்டு வர்றவங்க இருக்காங்க, அது வேற கதை, உங்க வாளை டவுன்லோட் பண்றவங்க எல்லாரும் அதை போட்டிருக்கணும்னு அவசியம் இல்லையே. சும்மா இருக்கிற ஸ்கைரிம்ல கலருக்கு டிஃப்யூஸ் ஒண்ணு, மேடு பள்ளத்துக்கு நார்மல் மேப் ஒண்ணு, அந்த நார்மல் மேப்போட ஆல்ஃபா சேனல்ல ஸ்பெகுலர், அதாவது எந்த இடம் எவ்வளவு மினுக்கணும்ங்கிறது. உலோகம்னா கூடவே பிரதிபலிப்புக்கு ஒரு க்யூப் மேப்பும், அது எங்க தெரியணும்னு சொல்ல ஒரு மாஸ்க்கும். க்ளாஸினஸ்ங்கிறது நிஃப்குள்ள ஒரே ஒரு நம்பர், முழு ஷேப்புக்கும் சேத்து. ரஃப்னஸ் மேப்புங்கிற பேச்சே இல்ல.

அதனால என்ன ஆகும்னா, பெயின்டர்ல தகதகன்னு இருந்த இரும்பை அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி கேம்ல போட்டா வெளிறிப்போன சாம்பல் கலர் அட்டை மாதிரி இருக்கும். ஏன்னா பிபிஆர்ல உலோகத்தோட பேஸ் கலர் பிரகாசமா, சமதளமா இருக்கும், அழகு முழுக்க ரிஃப்ளெக்‌ஷன்ல இருந்து தான் வருது. ஸ்கைரிம்ல டிஃப்யூஸை இருட்டா வச்சு, இடுக்குல நிழல், விளிம்புல தேய்ஞ்ச வெளுப்பு எல்லாத்தையும் நாமளே அதுல வரைஞ்சு ஏத்தணும். ஆம்பியன்ட் அக்லூஷனை, அதாவது இடுக்கு நிழலை, பேக் பண்ணி (படமா மாத்தி) எடுத்து டிஃப்யூஸ் மேல மல்டிப்ளைல போடுங்க, பாதி உயிர் அங்கயே வந்துடும். மீதி உயிர் உங்க கை. ஃபோட்டோஷாப் தெரிஞ்ச ஆளுக்கு இது வரம்னு தான் சொல்வேன், ஏன்னா இந்த வேலைக்கு வேணுங்கிறது சேனல் அறிவும் லேயர் அறிவும் தான், அது உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு.

அப்ப என் பதில்: இந்த வாளுக்கு சப்ஸ்டன்ஸ் வேண்டாம். பிளெண்டர்ல நுணுக்கமான ஹை பாலி மாடல் ஒண்ணு, எளிமையான லோ பாலி மாடல் ஒண்ணு செஞ்சு, அதோட ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸ்ல பேக் பண்ணுங்க. ஹை பாலியை செலக்ட் பண்ணிட்டு கடைசியா லோ பாலியை செலக்ட் பண்ணி, செலக்டட் டு ஆக்டிவ் டிக் பண்ணணும், எக்ஸ்ட்ரூஷன் கொஞ்சமா கொடுத்து சோதிச்சு பாருங்க. அந்த நார்மல் பேக் பேனல்லயே ஸ்விஸில்னு மூணு பெட்டி இருக்கும், நடுவுல இருக்கிற ஜியை மைனஸ் ஒய்னு மாத்துங்க. இதை மறந்தா மேடு பள்ளமாவும் பள்ளம் மேடாவும் தெரியும், வாள்ல பொறிச்ச எழுத்து வெளிய துருத்திட்டு இருக்கும். பிளெண்டர் ஓபன்ஜிஎல் கணக்கு, ஸ்கைரிம் டைரக்ட்எக்ஸ் கணக்கு, பச்சை சேனல் ஒண்ணுக்கொண்ணு தலைகீழ். மறந்து பேக் பண்ணிட்டீங்கன்னாலும் பரவால்ல, ஃபோட்டோஷாப்ல பச்சை சேனலை மட்டும் இன்வர்ட் பண்ணா போதும்.

நேரடியா மாடல் மேலயே லேயர் லேயரா வரையணும்னு ஆசைன்னா பிளெண்டருக்குள்ளயே யூக்குபெயின்ட்னு ஒரு இலவச ஆட்-ஆன் இருக்கு. பிளெண்டரோட சொந்த டெக்ஸ்சர் பெயின்ட்ல லேயர்னு ஒழுங்கா ஒண்ணு கிடையாது, அந்த குறையை இது தீர்க்குது. உலோகம், தோல், மரம்னு அடிப்படை படம் வேணும்னா பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி ரெண்டுலயும் சிசி0ல கிடைக்குது, யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்.

இப்ப என் சொந்த அவமானக் கதை. என்னோட மொத மாட் ஒரு கோடாலி. பிளெண்டர்ல செம்மையா இருந்துச்சு, கேம்ல போட்டா பிளாஸ்டிக் பொம்மை மாதிரி முழுசும் பளபளப்பு, மரப்பிடி கூட மினுக்குது. நாலு நாள் லைட்டிங்கை குறை சொன்னேன், ஷேடரை குறை சொன்னேன், கேமை குறை சொன்னேன். கடைசில பாத்தா நார்மல் மேப்பை பிசி1ங்கிற கம்ப்ரஷன்ல சேவ் பண்ணியிருக்கேன். அந்த கம்ப்ரஷன்ல ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது, இருந்தா கூட 1 பிட் தான். நான் பாத்து பாத்து வரைஞ்ச ஸ்பெகுலர் காத்துல போச்சு, கேம் எல்லா இடமும் முழு மினுக்குன்னு எடுத்துக்கிச்சு.

அதனால ஆல்ஃபா இருக்கிற நார்மல் மேப்பை ஸ்பெஷல் எடிஷனுக்கு பிசி7ல சேவ் பண்ணுங்க. பழைய ஒரிஜினல் ஸ்கைரிம் டைரக்ட்எக்ஸ் 9, அதுக்கு பிசி7 புரியாது, அங்க பிசி3 தான், அதாவது டிஎக்ஸ்டி5. பிசி5 நார்மல் மேப்புக்குன்னே செஞ்சதுன்னு படிச்சிருப்பீங்க, உண்மைதான், ஆனா அதுல ரெண்டே சேனல், ஆல்ஃபா இல்ல, இந்த வேலைக்கு உதவாது. ஃபோட்டோஷாப்ல ஸ்பெகுலரை சேனல்ஸ் பேனல்ல ஆல்ஃபா சேனலா வச்சு 32 பிட் டிஜிஏவா சேவ் பண்ணிக்கோங்க, லேயர் ட்ரான்ஸ்பரன்ஸியா வச்சு பிஎன்ஜி போடாதீங்க, முழு ட்ரான்ஸ்பரன்டா இருக்கிற இடத்துல கலரே காணாம போயிடும். டிஜிஏல இருந்து கேம் படிக்கிற டிடிஎஸ்ஸுக்கு மாத்த என்விடியா டெக்ஸ்சர் டூல்ஸ் எக்ஸ்போர்ட்டர் இருக்கு, கமாண்ட் லைன் பயம் இல்லன்னா மைக்ரோசாஃப்ட்டோட டெக்ஸ்கான்வ். பெயின்ட் டாட் நெட்டும் பிசி7 எழுதும். மிப்மேப், அதாவது தூரத்துக்குன்னு இருக்கிற சின்ன நகல்களை, ஜெனரேட் பண்ற டிக்கை மறக்காதீங்க, இல்லன்னா தூரத்துல போனதும் வாள் மேல எறும்பு ஊர்ற மாதிரி மினுமினுக்கும்.

ராத்திரிரெண்டுமணி

4கே டெக்ஸ்சர் போடலாமா? எல்லா மாட்லயும் 4கேன்னு போட்டா தான் டவுன்லோட் ஏறுது.

பிக்சல்பொறுக்கி

போடலாம், உங்க மனசாட்சி. கணக்கு மட்டும் சொல்றேன். 4096க்கு 4096 படம் கம்ப்ரஸ் பண்ணாம 64 எம்பி. பிசி7ல 16 எம்பி, மிப்மேப் சேத்தா இன்னும் மூணுல ஒரு பங்கு கூடி 21 எம்பி சொச்சம். 2048னா அஞ்சரை எம்பிக்குள்ள முடிஞ்சிடும். ஒரு வாளுக்கு டிஃப்யூஸ், நார்மல், மாஸ்க்னு மூணு படம், உறைக்கு தனி. ஸ்க்ரீன்ல அந்த வாள் அடைச்சுக்கிற இடம் எவ்வளவு? இதே மாதிரி முந்நூறு மாட் போட்டிருக்கிறவன் கார்டுல 4 ஜிபி தான் இருக்குன்னு வச்சுக்கோங்க. வாளுக்கு 2கே தாராளம். யூவியை, அதாவது மாடலை தட்டையா பிரிச்சு படத்துல வைக்கிறதை, ஒழுங்கா விரிச்சா 1கே கூட அசிங்கமா இருக்காது, வாளோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா ஒரு பக்க யூவியையே ரெண்டுக்கும் மேல மேல வச்சா அதே படத்துல ரெண்டு மடங்கு டீட்டெயில் கிடைக்கும். பொறிச்ச எழுத்து இருந்தா மட்டும் அந்த துண்டை தனியா பிரிங்க, இல்லன்னா மறுபக்கம் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி இருக்கும்.

மேக்ஸ்விடாதவன்

இங்க மட்டும் பிக்சல்பொறுக்கியோட ஒரு சின்ன கருத்து வேறுபாடு. பெயின்டர்ல எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டை நாமளே செஞ்சுக்கலாம், நார்மலோட ஆல்ஃபால ஸ்பெகுலரை வைன்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதுவே வச்சிடும். ப்ராஜெக்ட்டையே ஸ்பெகுலர் க்ளாஸினஸ் டெம்ப்ளேட்ல ஆரம்பிக்கலாம், நார்மலையும் டைரக்ட்எக்ஸ்னு மொதல்லயே செட் பண்ணலாம். வருஷத்துக்கு நாப்பது ஆயுதம் பண்றவனுக்கு அது பெரிய மிச்சம். முழு கவசம் பண்ணும்போது தோல், வளையச் சங்கிலி, துணின்னு பத்து மெட்டீரியல் வரும், ஒவ்வொண்ணையும் ஃபோட்டோஷாப்ல கையால ஏத்திட்டு இருந்தா முடி நரைச்சிடும். சந்தா பிடிக்கலன்னா ஸ்டீம்ல ஒரு தடவை காசு கட்டி வாங்குற வெர்ஷனும் இருக்கு.

பிக்சல்பொறுக்கி

அதை நான் மறுக்கவே இல்லையே. நாப்பது ஆயுதம் பண்ணட்டும், வாங்கட்டும். இவர் இன்னும் ஊசி தான் பண்ணியிருக்கார். 4 ஜிபி கார்டுல பெயின்டரும் திணறும், அதையும் பாருங்க.

கவசக்காரி

கவசம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு அதான் எட்டிப் பாத்தேன். வாள் முடிஞ்சு கவசத்துக்கு வரும்போது சாஃப்ட்வேர் லிஸ்ட்ல இன்னொண்ணு கூடும், அவுட்ஃபிட் ஸ்டுடியோ, பாடிஸ்லைடு கூடவே வரும், இலவசம். மாடலை பிளெண்டர்ல செய்யுங்க, ஆனா எலும்போட ஒட்டுற வேலையை, அதாவது ஆள் கையை மடக்கினா கவசம் எங்க மடங்கணும்ங்கிறதை, பிளெண்டர்ல உக்காந்து புள்ளி புள்ளியா வரையாதீங்க. அவுட்ஃபிட் ஸ்டுடியோல ரெஃபரன்ஸ் உடம்பை ஏத்தி அதோட போன் வெயிட்டை உங்க கவசத்துக்கு காப்பி பண்ணிட்டு, அக்குள், இடுப்பு மாதிரி கிழியிற இடத்தை மட்டும் கையால திருத்துங்க.

அப்புறம் ஸ்கைரிம்ல கவசத்துக்கு ரெண்டு நிஃப் வேணும், ஒல்லி ஆளுக்கு ஒண்ணு, குண்டு ஆளுக்கு ஒண்ணு, பேர் கடைசில 0, 1ன்னு வரும். கேம் இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் உடம்பை நீட்டி சுருக்குது. ரெண்டுலயும் வெர்டெக்ஸ் எண்ணிக்கையும் வரிசையும் அச்சு அசல் ஒண்ணா இருக்கணும். ஒண்ணை முடிச்சிட்டு இன்னொண்ணுல போய் ஒரே ஒரு வெர்டெக்ஸை டெலீட் பண்ணீங்கன்னா போச்சு, ஆள் மேல கவசத்துக்கு பதிலா முள்ளம்பன்றி நிக்கும். ஒரு ஷேப்ல 65535 வெர்டெக்ஸுக்கு மேல போகவும் கூடாது, ஸ்கல்ப்ட் பண்ண ஆர்வத்துல நேரா எக்ஸ்போர்ட் பண்றவங்க இங்க தான் முட்டிக்குவாங்க.

இன்னொரு விஷயம், வேற கேம்ல இருந்து உருவின மாடலை எடுத்து தட்டி கொட்டி போடலாம்னு தோணும், வேண்டாம்பா. மாட் ஏத்துற தளங்கள்ல அதை தூக்கிடுவாங்க, கணக்கும் போகும்.

துருப்பிடிச்சகத்தி

அக்கா, அண்ணன்களா, எல்லாருக்கும் பெரிய கும்பிடு. பத்து நாள் கழிச்சு வர்றேன், ரிப்போர்ட் இதோ.

பிளெண்டர் எல்டிஎஸ், பைநிஃப்லி, நிஃப்ஸ்கோப், ஃபோட்டோஷாப், என்விடியா எக்ஸ்போர்ட்டர், இதோட நிறுத்திட்டேன், வேற எதையும் இன்ஸ்டால் பண்ண கை அரிச்சுச்சு, பண்ணல. வாள் 3200 முக்கோணம், உறை 1100. ஸ்விஸிலை மறந்து மொத தடவை எழுத்து துருத்திட்டு தான் வந்துச்சு, பச்சை சேனலை இன்வர்ட் பண்ணேன். டிஃப்யூஸை இருட்டாக்கி விளிம்புல மட்டும் கீறல் வரைஞ்சதும் இரும்பு இரும்பா தெரியுது, அந்த நிமிஷம் நான் எழுந்து நின்னுட்டேன்.

ஆனா ஒரு வினோதம். வெளிய இருந்து பாத்தா என் வாள் கைல இருக்கு. ஃபர்ஸ்ட் பர்சனுக்கு மாத்தினா பழைய அயர்ன் ஸ்வார்டு வருது! ரெண்டு வாள் வச்சிருக்கிற மாதிரி. கேம் கேஷ் எதாவது அழிக்கணுமா?

பலகோணி

கேஷ் எல்லாம் இல்ல. ஃபர்ஸ்ட் பர்சனுக்கு கேம் தனி மாடல் வச்சிருக்கு. கேமோட எடிட்டரான கிரியேஷன் கிட்ல அந்த வாளோட ரெக்கார்டை திறந்தா ஃபர்ஸ்ட் பர்சன் மாடல்னு ஒரு ஆப்ஜெக்ட்டை காட்டும், அது ஒரு ஸ்டாட்டிக், அதுக்குள்ள இருக்கிற நிஃப்பையும் மாத்தணும். புது வாளா கேம்ல சேக்கும்போது இந்த ஸ்டாட்டிக்கையும் புதுசா ஒண்ணு செஞ்சு உங்க நிஃப்பை கொடுங்க, அயர்ன் ஸ்வார்டை தொடவே வேண்டாம்.

துருப்பிடிச்சகத்தி

வந்துடுச்சு!!! ரெண்டு பக்கமும் என் வாள் தான். ஒரு ஓநாயை வெட்டினேன், அப்ப பாத்தா வாளுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி காத்துல ரத்தம் தொங்குது. பழைய வாளோட வடிவத்துல.

பிக்சல்பொறுக்கி

அது ரத்தத்துக்குன்னு அந்த நிஃப்குள்ள தனியா இருக்கிற ஷேப். ஒரிஜினல் நிஃப்ல வாளை மட்டும் மாத்தியிருக்கீங்க, அதை அப்படியே விட்டுட்டீங்க. அதையும் பிளெண்டர்ல எடுத்து உங்க வாளோட வெட்டுமுனைக்கு இழுத்து ஒட்டுங்க, ரெண்டு நிஃப்லயும். ஓநாய்க்கு என் அனுதாபம்.